நூறடிக் கயிறும் ஏழரை மைல் மலையும்

பழைய மாணவிகள் நாம் கையால் எழுதி வீடு வீடாகச் சுற்றவிடும் கைப்பத்திரிகைக்கு ஜனவரியிலேயே தருவதாக ஒப்புக்கொண்ட பயணக் கட்டுரை இது. இன்று மார்ச் இருபது ஆகிவிட்டது. குழந்தைக்குப் பல் முளைக்கிறது என்று ஒரு தடவையும், வேலைக்காரி வரவில்லை என்று ஒரு தடவையும் சொல்லி அனுப்பினேன். இரண்டும் உண்மைதான், ஆனால் தாமதத்துக்கு அவை காரணம் இல்லை. காரணம் கட்டுரையிலேயே வருகிறது.

கைக்குழந்தையோடு பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை போய் ஒரே நாளில் திரும்ப முடியுமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும். நான் 1919 ஜனவரி 18, சனிக்கிழமை போய் வந்தேன். நேரம், கூலி, தூரம் எல்லாம் அங்கங்கே போட்டிருக்கிறேன்.

முதலில் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். எஸ்தரை மூத்தவர்களுக்குத் தெரியும். எப்.ஏ. வகுப்பில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. கணக்கில் இரண்டு வருஷமும் நான் முதல், அவள் இரண்டாவது. பரீட்சை முடிந்த மூன்றாம் மாதம் எனக்குக் கலியாணம். அவள் அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு உபாத்தியாயினியாகப் போனாள். இப்போது அவளிடம் பித்தளையில் செய்த ஒரு கோணமானி இருக்கிறது. சீமையிலிருந்து வான சாஸ்திரப் பத்திரிகை வரவழைத்துக் கொடுக்க ஒரு துரைசானி அம்மாள் இருக்கிறார். என்னிடம் ரூத் இருக்கிறாள், அப்போது பதினோரு மாதம். ரூத்தை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தக் கோணமானியும் எனக்கு வேண்டும் போலத்தான் இருந்தது.

டிசம்பரில் எஸ்தரிடமிருந்து கடிதம் வந்தது. வானத்தில் நெபுலா என்று சுருள் சுருளாக ஒளிமேகங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றைப் பற்றிப் படவிளக்கு வைத்துப் பேசப் போகிறாளாம். அவற்றில் பெரும்பாலானவை நம்மை விட்டு விலகி ஓடுகின்றன என்று, அவற்றின் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஓடும் வேகம் தெரிந்துவிட்டது. எவ்வளவு தூரத்தில் ஓடுகின்றன என்பதில்தான் தகராறு. இரண்டு விதமாக அளந்தவர்களுக்கு இரண்டு விடை வருகிறது. “இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நம் மேற்கு மலையையே இரண்டு விதமாக அளந்து காட்டலாம் என்று நினைக்கிறேன். ஒரு விதம் நான், இன்னொரு விதம் நீ” என்று எழுதியிருந்தாள். கூட்டத்துக்கு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருகிறார் என்றும், பிடித்திருந்தால் நம் கல்லூரி வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அவளைச் சிபாரிசு செய்வார் என்றும் கடைசியில் இரண்டு வரி இருந்தது. நாம் படித்த அதே அறையில், நான் முதலாவதாக வந்த அதே பாடத்தில். அந்த இரண்டு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அளக்க வேண்டியது அவள் பள்ளிக்கூட மைதானத்திலிருந்து பார்த்தால் நெற்றி மாதிரி தெரியும் மொட்டைப்பாறை. மைதானத்தில் நேர்கோடாக ஒரு நீளத்தைக் கயிறு போட்டு அளந்து, அதன் இரண்டு முனையிலிருந்தும் பாறையைக் கோணமானியில் பார்த்துத் தூரம் கணக்கிடுவது அவள் வழி. என் வழி வேறு. பாறையின் உயரம் முன்பே தெரிந்திருந்தால், மைதானத்திலிருந்து எவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பதைக் கொண்டு தூரத்தைச் சொல்லிவிடலாம். அண்ணாந்து பார்க்கும் கோணத்தை அவளே அளந்து எழுதி அனுப்பினாள். என் கணவர் சர்வே ஆபீஸில் குமாஸ்தா; வரைபடத்தைப் பார்த்து மொட்டைப்பாறையின் உயரம் 3,900 அடி என்று குறித்து வந்தார். நான் தொட்டில் கயிற்றைக் காலில் மாட்டி ஆட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். ஏழரை மைல் வந்தது. எஸ்தருக்கு வந்தது ஏழு மைல்.

தப்பு அவளுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதைக் கடிதத்தில் எழுதாமல் நேரில் போய்க் காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வீட்டில், “எஸ்தர் ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள்” என்று சொன்னேன்.

காலை ஐந்தரைக்கு மாட்டு வண்டி. திருநெல்வேலி ரயிலடி வரை இரண்டரை மைல், கூலி நாலணா. ஆற்றுப் பாலத்தில் ஊதல் காற்று அடித்தது. போன ஐப்பசியில் விஷக்காய்ச்சல் எங்கள் தெருவில் நான்கு வீடுகளில் புகுந்து போயிருந்தது. அதிலிருந்து ரூத் ஒரு தும்மல் போட்டாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். பாலம் கடக்கும்வரை அவளை என் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தேன். அவள் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

ரயில் ஆறு நாற்பதுக்கு. மூன்றாம் வகுப்பு ஐந்தணா, குழந்தைக்கு ஒன்றுமில்லை. போகும்போது இடதுபக்கம் உட்காருங்கள், மலை அந்தப் பக்கம். சேரன்மகாதேவி தாண்டியதும் வயலுக்கு மேலே மலை நெருங்கி வரத் தொடங்கும். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே ரயில் ஆற்றைக் கடக்கிறது. தை மாதத் தண்ணீர், அடியில் கல் தெரிந்தது. மற்றவர்கள் ஆற்றைப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்து, ஏழரை, ஏழரை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். இருபத்திரண்டு மைல், எட்டு இருபதுக்குச் சேர்ந்தது.

அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது ஒரு கையில் ரூத், ஒரு கையில் கொதித்து ஆறிய தண்ணீர்ப் புட்டி, தோளில் பை. ஸ்டேஷன் பெயர்ப்பலகையை ஒட்டித்தான் இறங்கினேன். ஊர்ப்பெயரைப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடம் ஒரு மைல், ஜட்கா இரண்டணா. வண்டிக்காரர் சுடலைமுத்து நாற்பது வயதுக்காரர், குதிரையோடும் என்னோடும் ஒரே சமயத்தில் பேசினார்.

“பைய போலே, உள்ள பச்சப்புள்ள இருக்கு. எஸ்தர் டீச்சரம்மாவப் பாக்கவா வந்திய?”

“ஆமா அண்ணாச்சி. ஒங்களுக்கு அவளத் தெரியுமா?”

“நல்லா கேட்டீய. மலைய அளந்தமில்லா, கயித்தோட ஒரு நுனிய பிடிச்சது ஆரு? நாந்தான். கயிறும் நம்ம மச்சினன் கொண்டாந்ததுதான், விக்கிரமசிங்கபுரம் மில்லுல வேல பாக்கான். புதுப் பருத்திக் கயிறு, பால் மாதிரி இருந்துச்சு. சரியா நூறடிக்கு முடிச்சுப் போட்டுக் குடுத்தான்.”

“மைதானத்துல தானே அளந்தீங்க?”

“மைதானம் எங்கன பத்துச்சு? வயக்காடு வரைக்கும் போனோம். பன்னெண்டு கயிறு. காலங்காத்தால பனி, வரப்புல முழங்காலுக்குப் புல்லு, நடுவுல ஒரு வாய்க்கால். கயிறு தண்ணிக்குள்ள கெடந்து, நனஞ்ச கோழி மாதிரி ஆயிட்டு. நான் அப்பமே நெனச்சேன், இம்புட்டுத் தடவ இழுக்கணுமான்னு.”

நான் வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரூத்துக்குத் தைத்த புதுப் பருத்திச் சட்டைகள் முதல் வெளுப்பிலேயே எப்படிச் சுருங்கின என்று எனக்குத் தெரியும். தண்ணீரில் கிடந்த கயிறும் சுருங்கியிருக்கும். கோணமானி வைத்திருக்கிறவளுக்கு அது தோன்றவில்லை. இப்படி ஒரு தப்பு கையில் கிடைக்கும் என்று நான் கேட்டுக்கொண்டு கூட வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கும்போது அவருக்கு ஓரணா சேர்த்துக் கொடுத்தேன்.

எஸ்தர் வாசலுக்கே ஓடி வந்தாள். “ஏட்டி ஞானம், வந்துட்டியா. இவளா ரூத்து? ஒன் மூக்கு அப்பிடியே வந்துருக்கு, பாவம்.” குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ரூத் அழாமல் போனாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பாடு அவள் அறையில். ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜை நிறையப் பத்திரிகைகள், நடுவே கோணமானி. தொட்டில் இல்லை, ஈரத்துணி இல்லை. ஒரு புத்தகத்தைத் திறந்தபடி வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போதும் திறந்தபடியே இருக்கும் அறை. அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே, “ஒன் ஏழரைக்கும் என் ஏழுக்கும் நடுவுல நான் பத்து நாளா தூங்கல புள்ள” என்றாள். கயிற்றைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூட்டத்தில் சொல்வதற்காக வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குக் கூட்டம். ஜன்னல்களைச் சாக்கால் மூடி, வெள்ளைத் துணி கட்டிப் படவிளக்கை ஏற்றினார்கள். அறுபது பெண்பிள்ளைகள், ஏழெட்டு உபாத்தியாயர்கள், முன்வரிசையில் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள். சுடலைமுத்துவும் கதவோரம் நின்றார். இருட்டில் ரூத் சிணுங்கியதால் நான் கடைசி பெஞ்சில்.

எஸ்தர் நன்றாகப் பேசினாள். அதை மறைத்துப் பயனில்லை. சில நெபுலாக்களுக்குள் திடீரென்று ஒரு நட்சத்திரம் கொழுந்துவிட்டு எரிந்து அடங்குமாம். நமக்குப் பக்கத்திலும் அப்படி எரிகிற நட்சத்திரங்கள் உண்டு, அவற்றின் பிரகாசம் தெரியும். அதுவும் இதுவும் ஒரே ஜாதி என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு மங்கலாகத் தெரிய எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? நினைத்துப் பார்க்க முடியாத தூரம். இன்னொரு சாரார், சில வருஷ இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, நெபுலா சுழல்வது தெரிகிறது என்கிறார்கள். அவ்வளவு தூரத்தில் இருந்தால் அந்தச் சுழற்சி தெரியக்கூடாது. ஆகவே பக்கத்தில்தான் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. “ஓடுற வேகம் கையில இருக்கு. தூரம் இல்ல. தூரம் தெரிஞ்சாத்தான், எட்ட இருக்கது வேகமா ஓடுதா, கிட்ட இருக்கது மெதுவா ஓடுதான்னு கேக்கவே முடியும்” என்றாள்.

பிறகு கரும்பலகையில் மொட்டைப்பாறையை வரைந்து, ஒரு பக்கம் 7, மறுபக்கம் 7½ என்று எழுதினாள். “இந்த ஏழரை என் தோழி ஞானம் போட்ட கணக்கு. என்னைவிட அவளுக்குக் கணக்கு நல்லா வரும்.”

ஒரு பெண் எழுந்தாள். “ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துருவமா டீச்சர்?”

“கத்தரிக்காய்க்கு வெல பேசுத மாதிரி மலைக்குப் பேசப்படாது. அது ஒரு எடத்துலதான் நிக்கி.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது நான் எழுந்தேன். ரூத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கயிறு நனைந்ததையும், பருத்தி சுருங்கும் என்பதையும் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன். “அடிப்படை நீளமே தப்பானால் மற்றதெல்லாம் தப்புதானே” என்றும் சேர்த்தேன். அது தேவையில்லை.

எஸ்தரின் முகம் சிவந்தது. பிறகு, “கயித்தக் கொண்டாங்க அண்ணாச்சி” என்றாள். தையல் வகுப்புக் கஜக்கோலை எடுத்து, தாழ்வாரத்தில் கயிற்றை விரித்து எல்லார் முன்னிலும் அளந்தாள். காய்ந்த பிறகும் கயிறு நீளவில்லை. நூறடிக் கயிறு தொண்ணூற்றாறரை அடிதான் இருந்தது.

எனக்குள் ஒரு வெற்றி ஏறியது. ஒரு நிமிஷம்தான். எஸ்தர் பலகைக்குப் போய், ஆயிரத்திருநூறு அடியை அழித்து ஆயிரத்து நூற்று ஐம்பத்தெட்டு என்று எழுதினாள். நான் அங்கேயே நின்று மனதில் போட்டுப் பார்த்தேன், அவள் சுண்ணாம்புக்கட்டிக்கு முன்னாலேயே எனக்கு வந்துவிட்டது. அடிப்படை நீளம் குறைந்தால் தூரமும் குறையும். அவள் ஏழு, என் ஏழரையை நோக்கி ஏறவில்லை. ஆறேமுக்காலுக்கு இறங்கிவிட்டது. தப்பைத் திருத்தியதும் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த அரை மைல் முக்கால் மைலாகிவிட்டது.

கதவோரத்திலிருந்து சுடலைமுத்து, “கயித்த அளந்ததுல மலை நம்ம பக்கமா கால் மைல் நடந்து வந்துட்டே” என்றார். கூடமே சிரித்தது, எஸ்தரும் சிரித்தாள். “இதத்தான் சொல்ல வந்தேன் பிள்ளையளா. கவனமா அளந்தா சண்டை தீரும்னு நெனப்போம். சில சமயம் கூடத்தான் செய்யும்.”

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் சிரிக்கவில்லை. “இரண்டில் ஒன்றாவது சரியாக இருக்க வேண்டும், மிஸ் எஸ்தர். கல்லூரி வகுப்புக்குப் போகிறவர் எது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மார்ச் முடிவதற்குள் எழுதி அனுப்புங்கள். பிறகு பார்க்கலாம்” என்றார். எஸ்தர், “ஞானத்துக்குக் கணக்குத் தப்பாது அம்மா. என் பக்கம் இன்னும் ஏதோ தப்பு இருக்கிறது” என்றாள். அம்மாள் என்னிடம் திரும்பினார். “குழந்தை மட்டும் இல்லாவிட்டால் நான் உங்களையே கேட்டிருப்பேன்.”

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மிட்டாயை வாயில் அடக்கிய மாதிரி, பேசாமல். குழந்தை மட்டும் இல்லாவிட்டால். ரூத் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு லேசாக உடம்பு சுடுகிற மாதிரி இருந்தது. அந்த வாக்கியத்தை ருசித்ததற்குத்தான் இது என்று பயந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வெயில் சூடுதான்.

ரயில் ஆறு பத்துக்கு. ஏறி உட்கார்ந்தபோது எதிரே அந்தப் பெயர்ப்பலகை. அம்பாசமுத்திரம். அதன் கீழே சின்ன எழுத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 250 அடி.

வரைபடத்தில் போட்ட 3,900 அடி எங்கிருந்து எண்ணியது? கடலிலிருந்து. எஸ்தர் அண்ணாந்து பார்த்தது எங்கிருந்து? கடலுக்கு 250 அடி மேலேயுள்ள மைதானத்திலிருந்து. அவள் பார்த்த உயரம் 3,650 அடிதான். நான் மலையைக் கடற்கரையில் நின்று பார்க்கிற மாதிரி கணக்குப் போட்டிருக்கிறேன். கயிற்றைத் தண்ணீரில் போட்டவளைச் சபையில் நிறுத்திய நான், ஊரையே தண்ணீர் மட்டத்தில் போட்டிருக்கிறேன். டிக்கெட்டின் பின்புறம் வகுத்தேன். ஏழு மைல்.

இறங்கி ஓடி எஸ்தரிடம் சொல்லியிருக்கலாம். வண்டி ஊதிவிட்டது, குழந்தை தூங்குகிறது. இப்படி இரண்டு காரணம் அந்த நேரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

எட்டு மணிக்குள் திருநெல்வேலி, எட்டேமுக்காலுக்கு வீடு. ரூத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. செலவு மொத்தம் ஒரு ரூபாய் ஏழணா, அதில் ஓரணா கயிற்றுச் செய்திக்காகக் கொடுத்தது.

பிப்ரவரியில் எஸ்தர் ஒரு கார்டு போட்டாள். கயிற்றை விட்டுவிட்டு மூங்கில் கழியால் மறுபடி அளந்தாளாம், ஆறேமுக்கால்தான் வருகிறது, ‘உன் கணக்கை ஒரு தடவை பார்க்கிறாயா’ என்று கேட்டிருந்தாள். மார்ச் ஆரம்பத்தில் இன்னொரு கார்டு. ‘எனக்குத் தப்பு எங்கே என்று தெரியவில்லை, அம்மாளுக்கு அப்படியே எழுதிவிடப் போகிறேன், அந்த வேலை எனக்கில்லை போலிருக்கிறது.’ இரண்டுக்கும் நான் பதில் எழுதவில்லை. ஏழரை தப்பு என்று எழுதினால், குழந்தை மட்டும் இல்லாவிட்டால் என்ற வாக்கியமும் போய்விடும். அது தப்புக் கணக்குக்குக் கிடைத்த வாக்கியம். இரண்டு மாதமாக அதை வைத்துக்கொண்டு மாவாட்டினேன், துணி துவைத்தேன்.

ஒரு கார்டு எழுதினால் முடிந்துவிடும், தெரியும். நான்கு தடவை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் முதல் வரியிலேயே கயிறு வந்து நின்றது. எழுதியிருந்தாலும் எஸ்தர் அதை ஒருவருக்கும் காட்டாமல் பெட்டிக்குள் வைத்துவிடுவாள், சபையில் எழுந்து பேசினவளின் பேர் கெடக்கூடாது என்று. அப்படிப்பட்டவள். அதற்காகவும் எனக்கு அவள்மேல் பொறாமைதான்.

போகிறவர்களுக்கு இனி யோசனைகள். தை, மாசியில் போங்கள், மலை தெளிவாக இருக்கும். குழந்தைக்குக் காதை மூடக் குல்லா அவசியம், பாலத்தில் காற்று. பால் வாங்க வேண்டாம், கொதித்த தண்ணீரும் கேழ்வரகுக் கஞ்சியும் கொண்டு போங்கள். சுடலைமுத்துவின் ஜட்காவையே கேளுங்கள், பேச்சுக்குத் தனிக் கூலி கிடையாது. ஸ்டேஷனில் இறங்கினால் பலகையின் மேல்வரியோடு நிறுத்தாமல் கீழ்வரியையும் படியுங்கள்.

எஸ்தர், கணக்கு இதோ. 3,900 கழித்தல் 250. நான் ஏழு, நீ ஆறேமுக்கால். இன்னும் கால் மைல் மிச்சம் இருக்கிறது. அதன் காரணம் எனக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். ஆனால் முக்கால் மைலில் அரை மைல் என்னுடைய தப்பு. இந்தப் பக்கங்களை அப்படியே நகல் எடுத்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாளுக்கு அனுப்பு. கால் மைல் இன்னும் தீரவில்லை என்று தைரியமாக எழுது.

நம் பத்திரிகை வீடு வீடாகப் போகும் வரிசையில் எஸ்தர் பெயர் ஒன்பதாவது; வழக்கப்படி போனால் மே மாதம்தான் அவள் கைக்குக் கிடைக்கும். மார்ச் முடியப் பதினொரு நாள் இருக்கிறது. அதனால் நான் யாரையும் கேட்காமல் வரிசையை மாற்றி, என் கட்டுரைக்காக என்னிடமே காத்திருக்கும் இந்த இதழை இன்று மத்தியானத் தபாலில் முதலில் அம்பாசமுத்திரத்துக்கு அனுப்புகிறேன். அவளுக்கு முன்னால் இருக்கும் எட்டு வீட்டாரும் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.